கூண்டுக்குள் மழை! கினிப்பன்றி என்ன பாவம் செய்தது?

ராத்திரி மணி பத்தரை. ஒரகடம் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. அடைமழை. ஷிப்டு முடிந்த தொழிலாளி ஒருவர், தலையில் பாலிதீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு லைன் வீட்டுக்கு ஓடுகிறார். சட்டையைப் பிழிந்து கொடியில் போடுகிறார். சோற்றைப் பிசைந்து சாப்பிடுகிறார். "அப்பாடா!" என்று படுத்துவிடுகிறார்.

வீட்டுக்குப் பின்புறம், ஷீட் கூரையின் ஓரத்தில் ஒரு கம்பிக் கூண்டு. அதற்குள் இரண்டு கினிப்பன்றிகள். பிள்ளை ஆசைப்பட்டது என்று சம்பள நாளில் வாங்கி வந்தவை. மதியத்தில் இருந்து சாரல் அடித்துக் கூண்டின் தரை சொதசொத என்று கிடக்கிறது. இரண்டும் மூலையில் ஒன்றை ஒன்று ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. "வீக், வீக்" என்று கத்தும் பிராணி, இப்போது கத்தவும் தெம்பு இல்லாமல் இருக்கிறது.

மறுநாள் காலையில் பிள்ளை ஓடிப் போய்ப் பார்க்கிறது. ஒன்று விறைத்துக் கிடக்கிறது. "குளிர் தாங்கலடா, செத்துப்போச்சு" என்று அப்பா சமாதானம் சொல்கிறார்.

அது சரியான காரணமா? இல்லை! நம்ம ஊர் மழைக்கால குளிர் அந்தப் பிராணிக்கு ஒரு குளிரே இல்லை. அதைக் கொன்றது ஈரம். அந்த ஈரத்தைத் துடைக்க ஆள் இல்லாததுதான் சாவுக்குக் காரணம்.

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம், படப்பை என்று எங்கு வேண்டுமானாலும் இந்தக் காட்சி நடக்கலாம். மழைக்காலம் வருஷா வருஷம் வருகிறது. பிராணி வாங்குகிறவர்கள் அதை நினைத்துப் பார்த்து வாங்க வேண்டாமா?

மலை நாட்டுப் பிராணி

கினிப்பன்றி பன்றியும் அல்ல. கினி நாட்டில் இருந்து வந்ததும் அல்ல. எலி, அணில் வகையைச் சேர்ந்தது. தென் அமெரிக்காவில் பெரு நாட்டுப் பக்கம் உள்ள ஆண்டிஸ் மலைதான் அதன் பூர்வீகம். வளர்ந்தால் ஒரு கிலோ அளவுக்கு வரும். நன்றாக வைத்துக்கொண்டால் 5 முதல் 8 வருஷம் வரை இருக்கும்.

கடிக்காது. பாயாது. கையில் எடுத்தால் அடங்கி உட்காரும். விலையும் சில நூறு ரூபாய்தான். அதனால்தான் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. வளர்ப்புப் பிராணிக் கடையில், "ஒண்ணும் தொந்தரவே இல்ல சார். கொஞ்சம் புல்லு போட்டா போதும்" என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள்.

அங்கேதான் வினை ஆரம்பிக்கிறது.

மலை நாட்டுப் பிராணிக்கு 18 முதல் 26 டிகிரி வரை உள்ள வெப்பம்தான் சுகம். அந்தக் கணக்கில் பார்த்தால் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் அதற்கு நல்ல காலம். வெயில் காலத்தில்தான் அது தவித்துப் போகும். ஆனால், ரோமம் நனைந்து அதன் மேல் காற்றும் பட்டுவிட்டால் உடம்புச் சூடு இறங்கிவிடும். மூக்கில் சளி கட்டும். நிமோனியா பிடிக்கும். ஈரத் தரையில் நின்றுகொண்டே இருந்தால் உள்ளங்கால் புண்ணாகும். பின்புறம் அழுக்காகி ஈரமாக இருந்தால் ஈ முட்டையிட்டு, ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

தார்ப்பாய் போர்த்தினால் போதுமா?

மழை வந்ததும் நம்மவர்கள் முதலில் செய்யும் காரியம் என்ன? கூண்டை நாலு பக்கமும் தார்ப்பாயால் இறுக்கிக் கட்டிவிடுவதுதான். நல்ல எண்ணம்தான். ஆனால் அதுவும் ஆபத்து.

உள்ளே காற்று ஓடாது. மூத்திர நெடி ஏறும். அந்த நெடியே நுரையீரலைக் கெடுக்கும். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தால், தார்ப்பாய்க்குள் அடுப்பு மாதிரி வேகும். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் கினிப்பன்றி மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். மழைக்குப் பயந்து போர்த்தி, புழுக்கத்தில் சாகடிப்பதா?

கூண்டின் கூரை ஓலையோ, பலகையோ, தகரமோ, எதுவாக இருந்தாலும் முன்பக்கம் ஒரு அடியாவது நீட்டி, சரிவாக இருக்க வேண்டும். தகரம் என்றால் மேலே பழைய சாக்கோ, தென்னங்கீற்றோ போட வேண்டும். மூன்று பக்கம் பலகையால் அடைத்து, ஒரு பக்கம் மட்டும் கம்பி வலை இருக்கட்டும். அந்தப் பக்கத்துக்கு ஒரு தார்ப்பாய்த் திரை தொங்கவிடலாம். ஆனால் மேலே நாலு விரல் இடைவெளி வேண்டும். காற்று போக வழி இருந்தால்தான் உள்ளே ஈரம் காயும்.

எந்தப் பக்கம் திறந்திருக்க வேண்டும்? இதை யாரும் யோசிப்பதே இல்லை. நமக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது வடகிழக்குப் பருவமழை. சாரல் பெரும்பாலும் வடக்கிலும் கிழக்கிலும் இருந்துதான் அடிக்கும். ஆகவே கூண்டின் வாசல் தெற்கே பார்க்கட்டும். அல்லது மேற்கே பார்க்கட்டும். முதுகு வாடைக்காற்றுக்கு இருக்கட்டும். காசு செலவில்லாத யோசனை இது. கூண்டைத் திருப்பி வைத்தால் போதும்.

கால் இல்லாத கூண்டு கூண்டே அல்ல!

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந்தேதியை இந்தப் பக்கத்து ஜனங்கள் மறக்க முடியுமா? அன்று காலை தொடங்கி மறுநாள் காலை வரை, 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டி மீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கத்தில் 47 சென்டி மீட்டர். ஏரியில் இருந்து திறந்துவிட்ட தண்ணீர் அடையாற்றில் பாய்ந்தது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் எல்லாம் வீடுகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் வெள்ளம் வந்தது.

இது ஏரிகள் நிறைந்த பூமி. ஏரிக்கும் வயலுக்கும் நடுவில்தான் தொழிற்சாலைகள் வந்திருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கார் தயாரிப்பு தொடங்கியது. ஒரகடத்தில் 2010-ல் பெரிய கார் தொழிற்சாலை வந்தது. பின்னாலேயே ஆயிரக்கணக்கில் வாடகை வீடுகளும் வந்தன. தாழ்ந்த இடம் எது, மேட்டு நிலம் எது என்று வீட்டுக்குக் குடி வருகிறவருக்குத் தெரிவது இல்லை. முதல் மழையில்தான் தெரிகிறது.

அதனால் தரையில் கூண்டு வைப்பது கூடவே கூடாது. குறைந்தது 2 அடி உயரத்தில் இருக்க வேண்டும். அதற்கு ஹாலோ பிளாக் கற்களை அடுக்கினால் போதும். சரக்குக் கட்டி வரும் மரப் பேலட்டுகள் இந்தப் பக்கத்தில் பழைய சாமான் கடைகளில் கிடைக்கின்றன. எண்ணெயோ, ரசாயனமோ சிந்தாத பேலட்டாகப் பார்த்து வாங்கிக் கல்லின் மேல் போட்டால், அதுதான் மேடை.

கூண்டின் தரை வெறும் கம்பியாக இருக்கக் கூடாது. கால் புண்ணாகிவிடும். பலகைத் தரை போட்டு, மேலே பழைய பேப்பரை நாலு மடிப்பாக விரித்து, அதன் மேல் காய்ந்த வைக்கோலைப் பரப்ப வேண்டும். படித்து முடித்த மாலைப் பேப்பருக்கு இதைவிட நல்ல வேலை என்ன இருக்கிறது! ஆனால் மழை நாளில் பேப்பரையும் வைக்கோலையும் தினமும் மாற்ற வேண்டும். கையை வைத்து அழுத்திப் பார்த்தால் விரலில் ஈரம் ஒட்டக்கூடாது. அதுதான் கணக்கு. பூஞ்சணம் பூத்த வைக்கோலை ஒரு பிடிகூட உள்ளே விடக்கூடாது.

கூண்டுக்குள் ஒரு மூலையில் சின்ன மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, வழி வெட்டி வைத்தால் அது பதுங்கிக்கொள்ளும். இடி இடித்தால் மனிதனுக்கே பதறுகிறது. அதற்கும் ஒரு மறைவு வேண்டாமா?

"ரெட் அலர்ட்" என்று ரேடியோவில் சொன்னால் யோசிக்கவே வேண்டாம். அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, இரண்டையும் அதில் விட்டு வீட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். வீட்டைவிட்டுக் கிளம்பும் நிலை வந்தால் ரேஷன் கார்டு, துணிப்பையோடு அந்தப் பெட்டியும் கிளம்ப வேண்டும். மிக்ஜாம் புயலுக்குப் பிறகு இறந்துபோன பசுவுக்கு ரூ.37,500, ஆட்டுக்கு ரூ.4,000 என்று அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. வாழ்வாதாரம் போனவர்களுக்கு அது நியாயம். பிள்ளை ஆசைக்கு வளர்க்கும் பிராணிக்கு எந்த நிவாரணப் பட்டியலிலும் இடம் கிடையாது. அதைக் காப்பாற்ற வேண்டியவர் வீட்டுக்காரர்தான்.

நெல்லிக்காயின் மகிமை

மழைக்காலத்தில் வரும் இன்னொரு கோளாறு, தீனிக் கோளாறு.

ஆடு, மாடு, நாய், பூனை எல்லாம் வைட்டமின் சி சத்தை உடம்பிலேயே தயாரித்துக்கொள்கின்றன. மனிதனால் முடியாது. கினிப்பன்றியாலும் முடியாது. 1907-ல் நார்வே நாட்டு டாக்டர்கள் ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடர் பிரோலிக் ஆகிய இருவரும் இதைக் கண்டார்கள். தானியத்தை மட்டும் தின்ற கினிப்பன்றிகளுக்கு, கப்பல் மாலுமிகளைக் கொன்ற ஸ்கர்வி நோய் வந்தது. மனிதனின் நோய்க்கு மருந்து தெரிய அந்தச் சின்னப் பிராணி உதவியது.

ஒரு கிலோ எடையுள்ள கினிப்பன்றிக்கு நாளைக்கு 10 முதல் 30 மில்லி கிராம் வரை வைட்டமின் சி வேண்டும். மழை பெய்கிறது, புல் அறுக்க முடியவில்லை என்று வெறும் கம்பையும், வைக்கோலையும், கடைத் தீவனத்தையும் போட்டால் பத்தாது. ஈரம் பட்ட தீவனத்தில் அந்தச் சத்து சீக்கிரம் போய்விடும். சத்து குறைந்தால் மூட்டு வீங்கும். நோயை எதிர்க்கும் தெம்பு போகும். அதன் பிறகு ஒரு சாரல் போதும், சளி பிடிக்க.

பரிகாரம் மார்க்கெட்டிலேயே இருக்கிறது. ஒரு பிடி கொத்தமல்லித் தழை, ஒரு துண்டு கொய்யா, பெரிய நெல்லிக்காயில் ஒரு சின்னக் கீற்று, குடைமிளகாய் ஒரு துண்டு, இவற்றில் ஏதாவது ஒன்று தினமும் கொடுத்தால் போதும். புல்தான் பிரதானம். அருகம்புல் ரொம்ப உசத்தி. அதன் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லைக் கடித்துக் கடித்துத்தான் தேய வேண்டும். ஆனால் மழையில் நனைந்த புல்லை அப்படியே போட்டால் வயிறு உப்பும். கழுவி, உதறி, விசிறிக்குக் கீழே ஆறவிட்டுப் போட வேண்டும்.

எறும்பு, எலி, பாம்பு

மழை வந்தால் புற்றில் தண்ணீர் ஏறும். எறும்பு மேலே வரும். கூண்டுக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது அந்தக் காலத்துப் பால் அலமாரி யுக்தி. இன்றைக்கும் அது பலிக்கும். ஆனால் இரண்டு நாளைக்கு ஒரு தடவை அந்தத் தண்ணீரைக் கொட்டி, கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் டெங்கு கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டியதாகிவிடும்.

சிந்திய தீனிக்கு எலி வரும். எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும். எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். கால் வெடிப்பு வழியாக அது மனிதனுக்குள் ஏறும். கூண்டைச் சுத்தமாக வைப்பது கினிப்பன்றிக்குச் செய்யும் உபகாரம் மட்டும்தானா? வீட்டில் இருக்கும் குழந்தைக்கும் சேர்த்துத்தான். அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலை அடித்து, ராத்திரியில் மீதித் தீனியை எடுத்துவிட வேண்டும்.

முயலோடு சேர்த்து ஒரே கூண்டில் விடுவதும் வேண்டாம். முயலிடம் சும்மா இருக்கும் ஒருவகைக் கிருமி, கினிப்பன்றிக்குப் போனால் நிமோனியா ஆகிவிடும். ஆணையும் பெண்ணையும் சேர்த்து "ஜோடி" என்று விற்பார்கள். அதிலும் உஷார் தேவை. சுமார் இரண்டு மாதத்தில் குட்டி போட்டுவிடும். அடைமழையில் பிறந்த குட்டியை ஈரக் கூண்டில் காப்பாற்றுவது சுலபம் அல்ல. அதற்காக ஒன்றை மட்டும் தனியாக வளர்ப்பதும் தப்பு. கூட்டமாக வாழும் பிராணி அது. இரண்டு பெண்ணாக வாங்குவது புத்திசாலித்தனம்.

மாத்திரை வைத்தியம் வேண்டாம்!

இந்தப் பகுதியைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டிக்கொண்டாலும் தப்பில்லை.

மூக்கு ஒழுகுகிறதா? தும்முகிறதா? ரோமம் சிலிர்த்து, உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதா? புல்லை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறதா? புழுக்கை போடுவது குறைந்துவிட்டதா? அப்படியானால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருக்கக்கூடாது. ஒரு நாள் தீனி எடுக்காவிட்டாலே அதன் குடல் நின்றுபோகும்.

உடனே துண்டால் ஈரம் போகத் துடைத்து, வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்க வேண்டும். பிறகு மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் காட்ட வேண்டும். இந்த மாதிரிச் சின்னப் பிராணிக்கு அனுபவம் உள்ள டாக்டர் கிடைக்காவிட்டால், 1903-ல் ஆரம்பித்த சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி வேப்பேரியில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் இருந்து சுமார் 40 கிலோ மீட்டர்தான்.

மருந்துக் கடைக்குப் போய், "பிள்ளைக்குக் கொடுத்த சளி மாத்திரையில் கால்வாசி கொடுத்தா என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. ஐயோ, வேண்டாம்! பென்சிலின், அமாக்சிசிலின் வகை மருந்து உள்ளே போனால் கினிப்பன்றியின் குடலில் உள்ள நல்ல கிருமிகள் செத்து, பிராணியும் செத்துவிடும். நமக்கு உயிர் கொடுக்கும் மருந்து அதற்கு விஷம்.

"மனுஷனுக்கே ஒழுகுது..."

இதையெல்லாம் படிக்கும் ஒருவர், "மனுஷன் படுக்கிற இடமே ஒழுகுது. எலிக்கு மாளிகை கட்டச் சொல்றீங்களா?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனாலும் ஷீட் கூரைக்குக் கீழே, ஒரே அறையில் நாலு பேர், ஐந்து பேர் என்று இருப்பவர்கள் இன்னும் ஏராளம். அவர்கள் வீடும் ஒழுகாமல் இருக்க வேண்டும். அதைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஒழுகினால் மனிதன் பாத்திரம் வைப்பான். பாயை நகர்த்துவான். வீட்டுக்காரரோடு சண்டை போடுவான். கூண்டில் இருப்பது என்ன செய்யும்? நம்மை வாங்கு என்று அது கேட்கவில்லை. நாம்தான் காசு கொடுத்து வாங்கி, கதவைப் பூட்டினோம். பூட்டியவனுக்குப் பொறுப்பு உண்டு.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. பிராணி வதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. அதற்குப் பாடுபட்டவர் கலாக்ஷேத்ரா ருக்மணிதேவி அருண்டேல். 1962-ல் அமைந்த பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவர்தான். வளர்க்கும் பிராணிக்குப் போதுமான தீனி, தண்ணீர், தங்குமிடம் கொடுக்காதது அந்தச் சட்டப்படி குற்றம். ஆனால் முதல் தடவைக் குற்றத்துக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை! அன்றைக்கு அது பெரிய பணம். இன்றைக்கு இரண்டு டீயும் இரண்டு வடையும் சாப்பிட்டால் தீர்ந்துபோகிற காசு. சுவிட்சர்லாந்தில் கினிப்பன்றியைத் தனியாக ஒன்றை மட்டும் வைத்து வளர்க்கக்கூடாது என்றே 2008 முதல் விதி இருக்கிறது. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். 50 ரூபாயையாவது காலத்துக்கு ஏற்ற மாதிரி உயர்த்த வேண்டாமா?

வளர்ப்புப் பிராணிக் கடைகள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 2018-ல் விதி வந்தது. அந்தக் கடைக்காரர்கள் ஒரு காரியம் செய்யலாம். விற்கும்போது, "வீட்டில் மழை படாத இடம் இருக்கா? பகலில் பார்க்க ஆள் இருக்கா?" என்று இரண்டே கேள்வி கேட்கலாம். இல்லை என்றால், "மழை முடிஞ்சு தை மாசம் வாங்க" என்று சொல்லி அனுப்பலாம். ஒரு வியாபாரம் தள்ளிப்போகும். இரண்டு உயிர் பிழைக்கும்.

வாங்குகிறவருக்கும் அதே கேள்விதான். காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறி, ஓவர்டைம் பார்த்து, இருட்டிய பிறகு வருகிறவர், அந்த நேரம் முழுக்கக் கூண்டைப் பார்க்கப் போவது இல்லை. வீட்டில் இன்னொருவர் இருந்தால் வளர்க்கலாம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்குப் பேப்பர் மாற்றவும், புல்லை உதறிப் போடவும் சொல்லிக் கொடுத்தால் வளர்க்கலாம். யாருமே இல்லாத அறை என்றால் வேண்டாம். ஆசையைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். அதுவும் ஒரு ஜீவகாருண்யம்தான்.

இன்று வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் கொல்லைப்பக்கம் ஒரு நடை போகட்டும். கூண்டுக்குள் கையை விட்டுத் தரையை அழுத்திப் பார்க்கட்டும். விரல் நனைந்தால், சாப்பாடு அப்புறம்!